பழுப்பு நிறங்கள் பல



வானவில்லில் காணப்படாத ஒரு நிறத்தைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அது பழுப்பு. ஊதா தொடங்கிச் சிவப்பு ஈறாக எண்ணிப் பாருங்கள். அங்கே பழுப்புக்கு இடமே இல்லை. ஆயினும் மண்ணிலும் மரப்பட்டையிலும் உதிர்ந்த சருகிலும் நம் மேனியிலும் நாம் நாள்தோறும் காண்பது அந்நிறமே. குறுக்குத் தையல் பழகுவோர் சிவப்பு நூலையும் பச்சை நூலையும் எளிதில் எடுத்துவிடுவர். பழுப்பு நூலை எடுக்கும்போதுதான் அவர்கள் கை தயங்கும்.

இத்தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆரஞ்சு நிறமே, தன்னைச் சூழ்ந்தவற்றைக் காட்டிலும் ஒளி குன்றித் தோன்றும்போது, பழுப்பு எனப் பெயர் பெறுகிறது. கறுப்புக் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, நல்ல வெயிலில் விரித்த பழுப்புத் துணியொன்றைச் சுற்றுப்புறம் தெரியாதவாறு அதன் வழியே நோக்குங்கள். பழுப்புத் தன்மை குறைந்து ஆரஞ்சுச் சாயல் மேலோங்குவதைக் காணலாம். ஆகவே, பழுப்பைத் தீர்மானிப்பதில் அதன் அண்டை அயலுக்கும் பங்கு உண்டு.

அண்டை நிறத்தின் ஆற்றலை ஆராய்ந்து விளக்கியவர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு வேதியியல் அறிஞர். பாரிஸ் நகரத்துக் கோபெலான் திரைச்சீலை நெசவுச்சாலையில், 1824ஆம் ஆண்டு அவர் சாயப் பகுதியின் தலைமையை ஏற்றார். அங்கே சாயமேற்றிய கறுப்பு நூல் செறிவாக இல்லை என்று குறை கூறப்பட்டது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் குற்றம் காணவில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்டதால் கறுப்பு வலிமை குன்றித் தோன்றியது என்று கண்டார். இவ்வாராய்ச்சியை 1839இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்.

இனி, பழுப்பு நூலைத் தேரும் முறைக்கு வருவோம். முதலில் நோக்க வேண்டுவது சாயல். புதுப்புளி செம்மை கலந்த பழுப்பு; பழம்புளியோ கறுப்பேறியது. தவிட்டில் மஞ்சள் தோன்றும். காய்ந்த சருகில் சாம்பல் தோன்றும். கடையில் புளி வாங்கும் நம் தாய்மார் ஒரே பார்வையில் புதியது எது, பழையது எது என்று சொல்லிவிடுவர். அந்தக் கண்ணே தையலுக்கும் வேண்டும். இரண்டு நூற்கண்டுகளை வெள்ளைத் தாளின்மீது அருகருகே வைத்தால், தனியே பார்க்கும்போது ஒளிந்திருந்த சாயல் வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, நிறத்தின் ஆழம். டி.எம்.சி. நிறுவனத்தின் நூல்களில் 433, 434, 435, 436, 437 என்னும் எண்கள் படிப்படியாக வெளுத்துச் செல்லும் ஒரே குடும்பம். அவ்வரிசை 738, 739 எனத் தொடரும். காப்பி நிறத்தில் 801, 898, 938 என ஆழம் கூடும். ஏறக்குறைய கறுப்பாகவே தோன்றுவது 3371. எண்ணின் வரிசையை நிறத்தின் வரிசை என்று எப்போதும் கொள்ளலாகாது என்பது இதனால் விளங்கும். மரத்தின் நிழற்பக்கத்துக்கும் வெயிற்பக்கத்துக்கும் அடுத்தடுத்த இரு நிறங்களை எடுத்தால், சற்று எட்ட நின்று பார்க்கும்போது அவை ஒன்றாகிவிடும். இடையில் ஒரு படியை விட்டுவிடுங்கள். கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் ஆழத்தின் வேறுபாடு தெரியும். கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தாலும் தெரியும்.

மூன்றாவது, வெளிச்சம். மின்விளக்கின் கீழ் இணையாகத் தோன்றும் இரு பழுப்புகள் பகலொளியில் பிரிந்து நிற்கக் கூடும். வெவ்வேறு சாயங்கள் ஒளியை வெவ்வேறு வகையாகத் திருப்பி அனுப்புவதே இதற்குக் காரணம். ஆதலால் கடை வாயிலுக்கு வந்து, பகலொளியிலும் ஒருமுறை பார்த்து வாங்குங்கள்.

எங்கள் பள்ளியின் கைத்தொழில் வகுப்பில் ஒரு மாணவி, தன் பாட்டியின் முகத்தைத் தைக்க முற்பட்டாள். அவளிடம் இருந்த மாதிரித்தாள் முகத்துக்கு வெளிறிய இளஞ்சிவப்பு நூலைக் குறித்திருந்தது. “ஐயா, எங்கள் பாட்டி இந்த நிறம் இல்லையே?” என்று கேட்டாள். “பாட்டியின் கையருகே நூல்களை வைத்துப் பார், அம்மா” என்றேன். மறுவாரம் நான்கு பழுப்புகளைத் தேர்ந்து வந்தாள். தோழி ஒருத்தி, “கொஞ்சம் வெளுப்பாகத் தைத்தால் அழகாக இருக்குமே” என்றாள். “அப்புறம் அது யாரோ ஒரு பாட்டி ஆகிவிடும்” என்று அவள் விடை கூறினாள். அவ்விடைக்கு மேல் நான் கற்பிக்க ஒன்றும் இருக்கவில்லை.

இது ஒரு சிறுமியின் கவலை மட்டும் அன்று. அமெரிக்க நாட்டில் கிரேயோலா வண்ணக்குச்சிகளுள் வெளிறிய ஒன்றுக்கு ‘மேனி நிறம்’ என்று பொருள்படும் பெயர் வழங்கி வந்தது. 1962ஆம் ஆண்டில் அப்பெயர் ‘பீச்’ என்னும் பழத்தின் பெயராக மாற்றப்பட்டது. மேனிக்கு ஒரே நிறம் என்று எண்ணுவது எத்துணைப் பிழை! நம் வகுப்பறையின் ஒரு பெஞ்சியில் அமர்ந்திருப்போரின் கைகளை வரிசையாக நீட்டச் சொன்னால் போதும். பழுப்பின் பல படிகளை அங்கேயே காணலாம்.

இறுதியாக, நடைமுறைக்கு ஒரு சொல். ஒரே எண்ணுள்ள நூலாயினும், வேறு வேறு முறை சாயமேற்றியதாயின் சிறிது மாறுபடலாம். எனவே பெரிய பரப்புக்கு வேண்டிய கண்டுகளை ஒரே தடவையில் வாங்குங்கள். நடுவே தீர்ந்துபோனாலும் கலங்க வேண்டா. இரண்டு இழைகளால் தைப்பவர், பழையதில் ஓர் இழையும் புதியதில் ஓர் இழையும் சேர்த்துச் சில வரிசைகள் தைத்து, பின்னர்ப் புதியதற்கு மாறினால், இணைப்புக் கண்ணுக்குப் புலப்படாது.

நாளைக் காலை பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்லும் வழியில், பத்துப் பழுப்பு நிறங்களைக் கண்டு குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஒரு பெயர் இடுங்கள். பெயரிடப் பழகிய கண் எதையும் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று தள்ளிவிடாது.