நைட்ரேட்டும் நைட்ரைட்டும்



வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுள் ரயில்வேயிலும் எஃகு ஆலைகளிலும் மருந்துத் தொழிற்சாலைகளிலும் பணிபுரிவோர் பலர். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட இரு பொருள்களும் அவர்களுக்குப் புதியவை அல்ல. நானோ ரசாயனம் பயின்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. மத்திய அரசாங்கத்தின் ஆங்கிலக் காகிதங்களைத் தமிழாக்குவது என் தொழில். ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நைட்ரேட், நைட்ரைட் என்னும் இரு பெயர்களுக்கும் இடையே நிற்பது ஒற்றை எழுத்து. எழுதுபவர் சற்றுக் கண்ணயர்ந்தால் ஒன்று மற்றொன்றாகிவிடும். பொருளிலும் வேற்றுமை ஓர் அணுவே. ஒரு நைட்ரஜன் அணுவோடு பிராணவாயு அணுக்கள் மூன்று சேர்ந்தால் நைட்ரேட். இரண்டு சேர்ந்தால் நைட்ரைட்.

நைட்ரேட் நமக்குப் பழைய உறவு. தமிழில் வெடியுப்பு என்றும் இந்தியில் ஷோரா என்றும் வழங்குவது பொட்டாசியம் நைட்ரேட்டே. பீகாரில் நோனியா வகுப்பினர் ஊர்மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்துக் காய்ச்சி எடுத்த உப்பைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்று வெடிமருந்தாக்க விற்றது. அழிவுக்குப் பேர்போன இந்த இனத்து உப்புகளே இரும்பைக் காக்கவும் வந்தன என்பது வியப்புக்குரியது.

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துரு பிறக்கும். தொழிற்சாலைகளில் எந்திரங்களைக் குளிர்விக்கச் சுற்றிவரும் நீரில் சோடியம் நைட்ரைட்டைச் சிறிதளவு கரைத்துவிட்டால், அது இரும்பின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்ஸைடு படலத்தை உண்டாக்கும். அப்படலமே இரும்புக்குக் கவசம். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. கவசம் முழுமையாக அமைவதற்கு வேண்டிய அளவில் உப்பு இல்லையேல், நிலைமை முன்னிலும் மோசமாகும். மூடப்படாது எஞ்சிய சிறு புள்ளிகளிலேயே அரிப்பு முழுவதும் ஒருமுகப்பட்டு, குழாயைத் துளைத்துவிடும். ஒன்றுமே இடாதிருந்தால் குழாய் பரவலாகத் துருவேறும். அரைகுறையாக இட்டாலோ ஊசித்துளை விழும். சிக்கனம் கருதி மருந்தைக் குறைக்கும் மேலாளர்கள் இதை மனத்திற்கொள்வது நன்று.

இனி, கரிமத் தடுப்பான்கள். 'இன்ஹிபிட்டர்' என்பதைத் 'தடுப்பான்' என்று நாங்கள் மொழிபெயர்க்கிறோம். அதனினும் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. இவற்றுள் அமீன்கள் என்னும் கூட்டம் முக்கியமானது. அமீனிலுள்ள நைட்ரஜன் முனை இரும்பைப் பற்றிக்கொள்ளும். நீண்ட வால் வெளிப்புறம் நின்று நீரை அண்டவிடாது. துருவேறிய எஃகை அமிலத்தில் அமிழ்த்தித் தூய்மை செய்யும்போது, துரு கரையவேண்டும், எஃகு கரையலாகாது. அதற்கென அமிலத்தில் சேர்க்கும் பொருள்களுள் ஹெக்ஸமீன் ஒன்று. இதே ஹெக்ஸமீன், மெத்தினமீன் என்னும் பெயரில், சிறுநீர்த்தாரையில் நோய்க்கிருமிகள் பெருகாதிருக்க மருத்துவர் தரும் மாத்திரையும் ஆகும். அமிலத்தன்மை கொண்ட சிறுநீரில் அது சிதைந்து ஃபார்மால்டிஹைடை வெளியிட, கிருமிகள் மடிகின்றன.

நைட்ரைட்டும் நல்ல காவலன், அமீனும் நல்ல காவலன். இருவரையும் ஒரே வாசலில் நிறுத்தலாமா? பல்லாண்டுகள் அப்படித்தான் நிறுத்தினார்கள். உலோகம் கடையும் பட்டறைகளில் வெட்டுமுனையைக் குளிர்விக்கும் திரவத்தில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. ஆனால் நைட்ரைட்டும் சிலவகை அமீன்களும் கூடினால் நைட்ரோசமீன் என்னும் நஞ்சு பிறக்கும். மகி, பார்ன்ஸ் என்னும் ஆங்கில ஆய்வாளர் இருவர் இவ்வினத்துப் பொருளொன்று எலிகளின் ஈரலில் புற்றுநோய் உண்டாக்குவதை 1956இல் வெளியிட்டனர். 1960களின் தொடக்கத்தில் நார்வே நாட்டில், நைட்ரைட் இட்டுப் பதப்படுத்திய மீன்தூளைத் தின்ற கால்நடைகள் ஈரல் கெட்டு மாண்டன. மீனிலிருந்த அமீனே அங்கே கூட்டாளி. உலோகம் கடையும் திரவங்கள் சிலவற்றில் நைட்ரைட் சேர்ப்பதை அமெரிக்க அரசு 1984இல்தான் தடைசெய்தது. அதோடும் கதை முடியவில்லை. 2018இல் ரத்த அழுத்தத்துக்குரிய வால்சார்ட்டன் மாத்திரைகள் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டன. மருந்தைத் தயாரிக்கும்போது, மிஞ்சிய வேறொரு பொருளை அழிப்பதற்காக இட்ட சோடியம் நைட்ரைட், கரைப்பானிலிருந்து வந்த அமீனோடு கூடியதே காரணம். பட்டறையில் கற்ற பாடம் மருந்துச்சாலைக்கு எட்டவில்லை!

மருத்துவத்தில் இவ்வினத்தின் பெருமைக்குரிய பக்கமும் உண்டு. 1847இல் இத்தாலியரான சொப்ரேரோ நைட்ரோகிளிசரினைக் கண்டார். நோபல் அதை டைனமைட்டாக்கினார். 1867இல் பிரன்டன் என்னும் மருத்துவர் அமைல் நைட்ரைட்டை முகரச் செய்து நெஞ்சுவலியைத் தணித்தார். 1879இல் மரெல் என்பவர் நைட்ரோகிளிசரினையே அதற்கு மருந்தாக்கினார். டைனமைட் ஆலைத் தொழிலாளருக்குத் திங்கட்கிழமைதோறும் கடுமையான தலைவலி வரும். வாரம் முழுதும் உடல் பழகிவிட, ஓய்வுநாளில் சிலருக்கு நெஞ்சு வலிக்கும். இம்மருந்து உடலுள் நைட்ரிக் ஆக்ஸைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. அவ்வாயு நம் உடலிலேயே செய்தி சொல்லும் தூதன் என்று கண்டதற்காக மூவருக்கு 1998இல் நோபல் பரிசே கிடைத்தது.

1944இல் நியூயார்க்கில் சோற்றுப்புக்கு இடத்தில் சோடியம் நைட்ரைட்டை உண்ட பதினொருவர் உடல் நீலம் பாய்ந்து மயங்கினர், ஒருவர் இறந்தார். ரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்கும் வலிமையை இழந்ததே அதற்குக் காரணம். அப்படி மாறிய ஹீமோகுளோபின் சயனைடைப் பற்றிக்கொள்ளும் என்பதால், சயனைடு உண்டவருக்கு அளவறிந்து கொடுக்கும் மாற்றுமருந்தும் இதே சோடியம் நைட்ரைட்தான்.

கைக்குழந்தையின் வயிற்றில் நைட்ரேட்டே நைட்ரைட்டாக மாறக்கூடும். அமெரிக்காவின் அயோவா மாநிலக் கிணற்றுநீரால் குழந்தைகள் நீலம் பாய்ந்ததை கோம்லி என்னும் மருத்துவர் 1945இல் எழுதினார். நம் நாட்டில் குடிநீருக்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். ராஜஸ்தான், கர்நாடகம் போன்ற மாநிலங்களில் பல கிணறுகள் உரமும் சாக்கடையும் சேர்ந்து இவ்வரம்பைத் தாண்டியுள்ளன. ஊர்விட்டு ஊர் வந்து ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் தாய்மார்கள் ஒன்றறிய வேண்டும்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். பால்மாவு கரைக்கும் நீரைப் பரிசோதனைச்சாலையில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.