ஊர் பார்க்க ஜூலையில் போங்கள்

அமெரிக்காவில், அரிசோனா பாலைவனத்து நகரம் ஃபீனிக்ஸ். அங்கே குடியேற நினைப்பவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் ஊர் பார்க்கப் போனால் வெயில் இதமாக இருக்கும். விடுதி வாடகைதான் சுடும். பனிக்குத் தப்பி வரும் வடக்கத்திக்காரர்கள் ஒருபக்கம், பேஸ்பால் பயிற்சி ஆட்டம் பார்க்க வரும் கூட்டம் மறுபக்கம். ஜூலையில் அதே அறை வெகு மலிவு. சமையலறையோடு வார வாடகைக்கு விடும் விடுதிகளும் உண்டு. சாப்பாட்டுச் செலவு மிச்சம்.

வெயிலா? 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. குடியிருக்கப் போகிறவர் அதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? அறைக்குப் பணம் கட்டுமுன் ஏசி ஒழுங்காக ஓடுகிறதா, வரியோடு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.