மனநோய்க்கு மருந்தும் அதைக் கொடுக்கும் நர்சுகளும்

(பொதுக்கூட்டமொன்றில் பேசியது)



மனநோய்க்கு மருந்து கொடுப்பதைப் பற்றி நான் இன்று பேச வேண்டுமென்று இங்குள்ள தோழர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். நான் வைத்தியம் படித்தவனல்ல. காலேஜுப் படி ஏறியவனுமல்ல. படித்தும் கேட்டும் தெரிந்து கொண்டதையே உங்கள் முன் வைக்கிறேன். ஆகையால் நான் சொல்லுவதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளி விடுங்கள்.

தோழர்களே! நமக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கால் முறிந்தால் கட்டுப் போட்டுக் கொள்ளுகிறோம். ஆனால் ஒரு பெண் பத்து நாள் தூங்காமல் தானாகப் பேசிக் கொண்டிருந்தால் மாத்திரம் அது நோயென்று நமக்குத் தோன்றுவதில்லை. பேய் என்கிறோம், செய்வினை என்கிறோம், கிரகம் என்கிறோம். வயிறும் கண்ணும் நோய்ப்படும்போது மூளை மாத்திரம் நோய்ப்படாதா? மூளைக் கோளாறுக்கு முதுகில் வேப்பிலையால் அடிப்பது எந்த ஊர் நியாயம்?

இதன் பலன் என்ன என்று பாருங்கள். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் வெந்து மாண்டார்கள். இதில் அந்த மதம், இந்த மதம் என்று பேசுவதற்கு யாருக்கும் யோக்கியதை இல்லை. பேயோட்டுவதில் எல்லா மதமும் ஒரே ஜாதிதான். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டவே கூடாது என்று தடுத்திருக்கிறது. சரி, சட்டம் சங்கிலியை அவிழ்த்து விடும். அவிழ்த்த பின் நோயை என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு கூட்டம் நர்சுகள் எப்படிப் பதில் சொல்லுகிறார்கள் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

நர்ஸ் என்றால் டாக்டருக்குப் பின்னால் தட்டேந்தி நிற்பவள் என்றே நாம் நினைத்து வந்திருக்கிறோம். அந்த நாட்டில் 1954-ம் வருஷத்தில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹில்டெகார்ட் பெப்லோ என்னும் பெண்மணி, மனநோய் நர்சுகளுக்கென்றே ஒரு மேல்படிப்பை ஏற்படுத்தினார். 1965-ல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும் சேர்ந்து, நோயைத் தாங்களே பரிசோதித்துப் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் படிப்பைத் தொடங்கினார்கள். இன்று மனநோய்க்கென்றே அப்படிப் படித்தவர்கள் நோயாளியைப் பரிசோதிக்கிறார்கள், நோய் இன்னதென்று தீர்மானிக்கிறார்கள், மருந்தும் எழுதுகிறார்கள். பாதிக்கு மேற்பட்ட மாகாணங்களில் இதற்கு டாக்டர் கையெழுத்துத் தேவையில்லை. மற்ற மாகாணங்களில் டாக்டரோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

இதை டாக்டர்கள் சங்கங்கள் ஆட்சேபிக்கின்றன. நர்சுகளின் படிப்புக் காலம் தங்களுடையதை விடக் குறைவு என்கின்றன. அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் படிப்பும், பரீட்சையும், குணமானவர்களின் கணக்கும் சொல்ல வேண்டுமே ஒழிய, “இது எங்கள் தொழில், நீ தொடாதே” என்பது பதிலாகாது. அந்தப் பேச்சை நாம் வேறு இடங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம்.

நிற்க, இந்த நர்சுகள் மருந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதலாவது, எடுத்தவுடன் மருந்தை நீட்டுவதில்லை. மனச் சோர்வென்று ஒருவர் வந்தால், அது உடம்பின் வேறு கோளாறாக இருக்குமோ என்று பார்க்கிறார்கள். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் சோர்வு வரும், பி-12 சத்துக் குறைந்தாலும் வரும், குடியினாலும் வரும், வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்தினாலும் வரும். பிறகு கேள்விகள்: முன்பு எந்த மருந்து கேட்டது? குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் உண்டா? அவருக்கு எது கேட்டது? கர்ப்பமா? உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் வருகிறதா? எப்போதாவது தூக்கமே இல்லாமல், களைப்பும் இல்லாமல், அளவு மீறிய உற்சாகத்தில் திரிந்ததுண்டா? இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் முக்கியமானது. ஏனென்றால் சோர்வும் வெறியும் மாறி மாறி வரும் நோயாளிக்குச் சோர்வு மருந்தை மாத்திரம் கொடுத்தால் வெறி கிளம்பி விடக்கூடும்.

அதன் பிறகே மருந்து. அமெரிக்காவில் 1987-ல் அனுமதி பெற்ற ஃப்ளூவாக்செட்டின், 1991-ல் வந்த செர்ட்ராலின் போன்றவைகளில் ஒன்றைச் சிறிய அளவில் தொடங்குகிறார்கள். இங்கேதான் நம் ஜனங்கள் ஏமாந்து போகிறார்கள். இம்மருந்துகளில் தொந்தரவு முதலில் வரும். குணம் பின்னால் வரும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே தெரியும். மனம் தெளிய 2 முதல் 4 வாரம் ஆகும். முழுக் குணம் தெரிய 6, 8 வாரம் கூட ஆகலாம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி நாலாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டு விட்டுப் பூசாரியிடம் போய் விடுவான். 24 வயது வரையுள்ள இளைஞர்களுக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் அதிகப்படக்கூடும் என்று அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா 2004-லும் 2007-லும் எச்சரிக்கை போடச் செய்திருக்கிறது. ஆகையால் முதல் வாரங்களில் அடிக்கடி பார்க்கிறார்கள். வீட்டாருக்கும் சொல்லி வைக்கிறார்கள்.

குணமாகிறதா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்லுவதில்லை. ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க்கு, மொத்தம் 27. முதல் நாள் 18 இருந்தது, ஆறாம் வாரம் 8 ஆயிற்று என்றால் மருந்து வேலை செய்கிறது. 17 ஆகவே இருந்தால் அளவை மாற்று, அல்லது மருந்தை மாற்று. 2006-ல் வெளியான அமெரிக்காவின் ஒரு பெரிய ஆராய்ச்சியில், முதல் மருந்திலேயே முற்றும் குணமானவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதாவது முதல் மருந்து தோற்பது அதிசயமல்ல. அடுத்ததைப் பார்ப்பதுதான் வைத்தியம்.

லித்தியம் என்னும் உப்பின் கதையைக் கேளுங்கள். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர், வெறி நோய்க்கு அது கேட்கிறது என்று எழுதினார். அவர் 1948-ல் முதன்முதல் அதைக் கொடுத்துக் குணம் கண்ட நோயாளியே, 1950-ல் அந்த மருந்தின் விஷத்தால் இறந்து போனார். இதையே ஒரு சாமியார் செய்திருந்தால் முதற்குணத்தைத் தலபுராணமாக்கி, சாவை விதியின் மேல் போட்டிருப்பார். விஞ்ஞானம் என்ன செய்தது? எவ்வளவு போனால் விஷம் என்று அளந்தது. இன்று ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை சாதாரணமாக வைத்துக் கொள்ளுகிறார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி வேளை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதிக்கிறார்கள். கடும் பேதியானாலோ, மூட்டு வலிக்கு ஐபூப்ரோஃபென் போன்ற மாத்திரை சாப்பிட்டாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுங்கும், நடை தள்ளாடும். இதை நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் சொல்லிக் கொடுப்பது அந்த நர்சின் வேலை.

அதுபோலவே, இல்லாத குரல் கேட்கும் நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றால் உடம்பு பருக்கும், சர்க்கரை ஏறும், கை கால் தானாக ஆடவும் கூடும். ஆகவே எடை, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கணக்கில் எழுதப்படுகின்றன. வால்ப்ரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு செய்யுமாதலால், கருத்தரிக்கக் கூடிய பெண்ணுக்குக் கூடுமானவரை அதைத் தவிர்க்கிறார்கள்.

இப்போது மந்திரவாதியையும் இந்த நர்சையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மந்திரவாதியின் தாயத்து பலிக்காவிட்டால் உன் பக்தி போதாது என்கிறான். குற்றம் நோயாளியின் தலையில். நர்சோ, மருந்து கொடுக்கும்போதே, இத்தனை வாரத்தில் இவ்வளவு குறையாவிட்டால் இம்மருந்து தோற்றதென்று அர்த்தம் எனத் தானே எழுதி வைக்கிறாள். குற்றம் மருந்தின் தலையில். தோல்விக்கு முன்கூட்டியே இடம் வைத்திருப்பதுதான் அறிவு; தோல்வியே கிடையாது என்பதுதான் மூடநம்பிக்கை.

ஆனால் தோழர்களே, மாத்திரையையும் தாயத்தாக ஆக்கி விடாதீர்கள்! ஏன் என்று கேட்காமல் வருஷக்கணக்காய் விழுங்குவதும் குருட்டு நம்பிக்கைதான். சற்றுத் தெளிந்தவுடன் தானாகவே நிறுத்தி விடுவதும் அறிவீனம்தான். சோர்வு நீங்கிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்வார்கள். நிறுத்தும்போதும் சிறுகச் சிறுகக் குறைப்பார்கள். தூக்க மாத்திரைகளில் சில பழக்கமாகி விடும். மாத்திரை வறுமையைப் போக்காது. அடிக்கும் புருஷனைத் திருத்தாது. அவைகளுக்கு வேறு வேலை செய்ய வேண்டும்.

நம் நாட்டில் இம்மருந்தை எழுதிக் கொடுப்பவர் டாக்டர்தான். ஜில்லா சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநோய் வைத்தியம் உண்டு. 2022 முதல் 14416 என்ற எண்ணில் சர்க்காரின் இலவச டெலிபோன் உதவியும் இருக்கிறது. அங்கே போனால் ஐந்து கேள்விகள் கேளுங்கள்: இது என்ன நோய்? இந்த மருந்து ஏன்? எத்தனை நாளில் குணம் தெரியும்? என்ன தொந்தரவு வந்தால் உடனே வர வேண்டும்? எதை அளந்து பார்ப்பீர்கள்? வந்தவருக்குக் கோபம் வந்தாலும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

உங்கள் தெருவில் யாராவது ஒருவர் இன்று கட்டிக் கிடக்கலாம். அவரைப் பார்த்துப் பயித்தியம் என்று சிரிப்பதை விட்டு, நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு துணை கொடுங்கள். இந்தக் கூட்டத்தின் பலனாக அது ஒன்று நடந்தால் போதுமென்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறேன்.