கடல் தாண்டி வந்தவனும் தெருத் தாண்டாதவனும்

(ஏற்காட்டில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இக்கூட்டத்திற்கு நம்மை அழைத்த தோழர்கள் ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அதாவது, "வெளிநாட்டிலிருந்து வாலிபர்கள் கைக்காசு செலவழித்து வந்து, நம் நாட்டு ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்களே, இது உண்மையான உபகாரமா, அல்லது பணக்காரர்களின் பொழுதுபோக்கா?" என்பதேயாகும். இதைப்பற்றி நமக்குத் தோன்றியதைச் சொல்லுகிறோம். நாம் சொல்லுவதாலேயே நீங்கள் நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் புத்தியில் போட்டு நிறுத்துப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இங்கு வந்தோம். வந்த வழியில் நாம் கண்டது என்ன? தோட்டத்தோடு கூடிய அழகான பங்களாக்கள். அவற்றின் கதவுகளில் பெரிய பூட்டுகள். கோடையில் பத்து நாள் திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் காவல்காரனும் நாயும்தான் குடித்தனம். அதே பங்களாவுக்குக் கல் உடைத்தவனும், மண் சுமந்தவளும் எங்கே இருக்கிறார்கள்? சரிவில் ஒழுகுகிற குடிசையில் இருக்கிறார்கள். கட்டினவனுக்கு வீடு இல்லை, வீடு உள்ளவனுக்கு அதில் இருக்க நேரமில்லை. இதைக் "கடவுள் விதித்தது" என்று சொன்னால் அந்தக் கடவுளுக்குத்தான் அவமானம்.

1820-களில், சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரையின் காலத்தில், இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது. செடிக்கு நிழல் வேண்டும் என்று மரம் வைத்தார்கள். செடியைக் கவனிக்கிற மனிதனுக்கு நிழல் வேண்டும் என்பது சட்டமாவதற்கு 1951-ஆம் வருஷம் வரை ஆயிற்று. அவ்வருஷம் ஏற்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், முதலாளி தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் அப்படிக் கிடைத்த வீடும் வேலை உள்ளவரையில்தான். முதுகு வளைந்து வேலை போனால் வீடும் போயிற்று. கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் லயத்து அறைகளின் கதையும் இதுவேதான்.

நிற்க. வெளிநாட்டார் வந்து வீடு கட்டின சங்கதிக்கு வருவோம்.

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பகல் 2 மணிக்குமேல் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. ஆயிரக்கணக்கானவர் மாண்டார்கள். முங்கேர் பட்டணம் மண்மேடாயிற்று. பூமி வெடித்து மணலைக் கக்கி வயல்களை மூடிற்று. கோவிலும் விழுந்தது, மசூதியும் விழுந்தது. நல்ல நாள் பார்த்துக் கால் நாட்டிய வீடும் விழுந்தது, நாள் பாராத குடிசையும் விழுந்தது. பூகம்பம் எவனுடைய பஞ்சாங்கத்தையும் புரட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் காந்தியார் தீண்டாமை ஒழிப்புக்காக நம் தமிழ்நாட்டில்தான் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24-ந் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்திற்குக் கடவுள் அனுப்பிய தண்டனையே இந்தப் பூகம்பம் என்றார். கவி தாகூர் இதை மறுத்து எழுதினார். இயற்கையின் நிகழ்ச்சியை மனிதனுடைய பாவ புண்ணியத்தோடு முடிச்சுப் போடுவது அறிவுக்குப் பொருந்தாது என்பது அவருடைய கட்சி. அந்த மறுப்பைக் காந்தியார் தமது பத்திரிகையிலேயே வெளியிட்டார். அந்த நேர்மையை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம்.

தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு ஆக்ஷேபணை உண்டா? ஒருக்காலும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தீண்டாமைக்குத் தண்டனை என்றால், அதை நடத்தியவன் வீடு மட்டுமல்லவா விழ வேண்டும்? அதனால் வதைபட்டவன் குடிசை ஏன் விழுந்தது? இதற்குப் பதில் இல்லை. பொய்க் காரணத்தைக் காட்டி ஒரு நல்ல காரியத்தைச் செய்யச் சொன்னால், காரணம் பொய்யென்று தெரிகிற அன்றைக்குக் காரியமும் கெட்டுப்போகும்.

இங்கே இந்தத் தர்க்கம் நடக்கையில், சுவிட்சர்லாந்து தேசத்தில் ஒருவர் வேறு விதமாக யோசித்தார். அவர் பெயர் பியேர் செரெசோல். இஞ்சினீயர். தகப்பனார் அந்நாட்டுக்கு ஜனாதிபதியாக இருந்தவர். மகனோ யுத்தத்திற்கு வரி கொடுக்க மாட்டேன் என்று சிறைக்குப் போனவர். முதல் உலக யுத்தம் முடிந்த பின், 1920-ல், பிரான்சு தேசத்தில் வெர்தன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் கிராமத்தில், இடிந்துபோனவற்றைத் திருப்பிக் கட்ட ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்தார். அதில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்றுவரை குண்டு போட்ட தேசத்தான் இன்று மண்வெட்டியோடு வந்து நிற்கிறான்! ஊராரில் பலருக்கு இது பொறுக்கவில்லை. வேலை சில மாதத்தில் நின்றுபோயிற்று. ஆனால் எண்ணம் நிற்கவில்லை. அதிலிருந்துதான் சர்வதேசத் தொண்டு இயக்கம் வளர்ந்தது. அதன் சின்னம் மண்வெட்டியும் முறிந்த வாளும் ஆகும்.

அந்தச் செரெசோல் 1934-ல் பீகாருக்கு வந்தார். பிறகு விரல்விட்டு எண்ணத்தக்க சில ஐரோப்பியத் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு 1937 வரை போவதும் வருவதுமாக வேலை செய்தார். பூகம்பத்தால் நிலமட்டம் மாறிவிட்டபடியால், முசபர்பூர்ப் பக்கத்தில் பல கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கும் நிலைக்கு வந்தன. அவற்றை மேட்டு நிலத்திற்கு மாற்றிப் புது வீடுகள் கட்டுவதே அவர்கள் வேலை. இவரோ அறுபதை நெருங்குகிற மனிதர். பீகார் வெயிலில், ஊராரோடு ஊராராக நின்று வேலை செய்தார். அன்று இந்த நாட்டில் வெள்ளைக்காரன் என்றால் உத்தரவு போடுகிறவன் என்று அர்த்தம். மண் சுமக்கிற வெள்ளைக்காரனை அந்தக் கிராமத்தார் முதன்முதலாகப் பார்த்தார்கள். வீடுகளைவிட அந்தக் காட்சியே பெரிய காரியம் என்பது நமது அபிப்பிராயம்.

இன்னொரு உதாரணம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து அமெரிக்கஸ் என்ற ஊரில் 1976-ல் "ஹாபிடாட்" என்ற சங்கம் ஏற்பட்டது. அதன் முறை என்னவென்றால், வீடு பெறுகிற குடும்பமும் தன் வீட்டு வேலையில் கை கொடுக்க வேண்டும். விலையையும் சிறு தவணையாகக் கட்டித் தீர்க்க வேண்டும். வட்டி, லாபம் கிடையாது. ஆகவே பெறுகிறவன் பிச்சை வாங்கினவன் அல்ல, பங்காளி. ஜனாதிபதியாக இருந்து இறங்கிய ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் இதில் சேர்ந்து சுத்தியல் பிடித்தார். 2006-ல் தமது 82-வது வயதில் நம் நாட்டில் லோனாவாலாவுக்கு அருகே வந்து, ஊர் ஊராக வந்த தொண்டர்களோடு ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டினார். 95-வது வயதில் வீட்டில் தவறி விழுந்து முகத்தில் தையல் போட்டுக்கொண்டு, மறுநாளே வீடு கட்டும் இடத்திற்கு வந்துவிட்டார். 2024-ல் 100-வது வயதில் காலமானார். அவர் கிறிஸ்தவ பக்தர். நாமோ கடவுள் இல்லை என்கிறவர்கள். அதனாலென்ன? சுவருக்கு மதமில்லை. செய்கையைப் பார்த்து மதிப்பதுதான் பகுத்தறிவு.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாத்திரம் 6,000-க்கு மேற்பட்டவர் மாண்டார்கள். உலகமெல்லாம் பணம் அனுப்பிற்று, ஆட்களும் வந்தார்கள். நல்ல வீடுகள் பல எழுந்தன. ஆனால் சில மீனவ ஊர்களில், இடியாமல் நின்ற வீட்டையும் திண்ணையையும் நிழல் மரத்தையும் அழித்துவிட்டு, வரிசையாகச் சிமெண்டுப் பெட்டிகளை வைத்தார்கள். வலை உலர்த்துகிறவனுக்கு எது வேண்டும் என்று அவனைக் கேட்காமல் கட்டினதன் பலன் அது. அதைவிட வெட்கம் ஒன்று உண்டு. அந்தச் சாவு வீட்டிலும்கூடத் தாழ்த்தப்பட்டவர்களை நிவாரண முகாமில் சேர்க்காமல் ஒதுக்கினார்கள் என்று மனித உரிமைச் சங்கத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். அலை சாதி பார்க்கவில்லை, அரிசி போட்டவன் பார்த்தான்.

இப்போது நம்முடைய சொந்தச் சங்கதி ஒன்று.

சில வருஷங்களுக்கு முன் இந்த மலையில், ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கீழேயுள்ள காலனியில், வெளிநாட்டு மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இரண்டு வாரம் தங்கி, ஒரு கூலிக் குடும்பத்துக்கு வீடு கட்ட ஒத்தாசை செய்தார்கள். அவர்கள் பேசுவதைக் கொத்தனாருக்கும், கொத்தனார் பேசுவதை அவர்களுக்கும் சொல்ல நம்மைக் கூப்பிட்டார்கள். நாம் பள்ளியில் அதிகம் படித்தவரல்ல, பத்திரிகையைப் பார்த்துக் கற்ற இங்கிலீஷ்தான். அதை வைத்துச் சமாளித்தோம்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கரணை பிடிக்கத் தெரியவில்லை. கொத்தனார் முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் தூக்குக்குண்டு எப்படி விடுவது, நூல் எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். பிறகு, "நீங்க சித்தாள் வேலை பாருங்க, சுவரை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவர்களும் கௌரவம் பார்க்காமல் சாந்துச் சட்டி தூக்கினார்கள். இதில் வேறொரு நியாயத்தையும் நாம் கவனித்தோம். சம்பளமில்லாத ஆள் வந்ததால் உள்ளூர்ச் சித்தாள் இருவருக்கு வேலை போக இருந்தது. கொத்தனார் அதற்குச் சம்மதிக்கவில்லை. அவர்களுக்கும் கூலி கொடுத்த பிறகே வேலை நடந்தது. படித்தவர்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிற்று.

மத்தியானம் அந்த வீட்டம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பிள்ளைகள் வாங்கிக் குடித்தார்கள். நம்மோடு வந்திருந்த ஒரு தோழர் தாகமில்லை என்றார். சற்று நேரம் கழித்து, வண்டிக்குப் பின்னால் போய்த் தாம் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் யார் தெரியுமா? நம்மோடு மேடையேறிச் சாதி ஒழிய வேண்டும் என்று முழங்கியவர்! அவரைத் திட்டலாம் என்று வாயெடுத்தோம். அப்போது நமக்கே ஒன்று உறைத்தது. இந்த ஏற்காட்டுக்கு நாம் எத்தனையோ தடவை வந்து பேசியிருக்கிறோம், ஆனால் அந்தக் காலனிக்குள் அன்றுதான் முதல்தடவையாகக் கால் வைத்தோம். அதுவும் வெளிநாட்டான் கூப்பிட்டதால்!

புறப்படும்போது அந்த வீட்டுக் கிழவி நம்மைக் கேட்டாள்: "இந்தப் புள்ளைங்க போயிட்டா அடுத்த வூட்டுக்கு யாருங்க மண்ணு சொமப்பாங்க? நீங்க வருவீங்களா சாமி?"

"சாமி என்று சொல்லாதேம்மா" என்றோம்.

"சரிங்க சாமி, வருவீங்களா?" என்றாள்.

நமக்குப் பதில் வரவில்லை.

தோழர்களே! செரெசோல் சுவிட்சர்லாந்திலிருந்து பீகாருக்கு ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தார். நம் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் உள்ள தூரம் இரண்டு பர்லாங்கு. அதற்குக் கப்பல் வேண்டாம், டிக்கட் வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம். ஆயினும் நம்மில் எத்தனை பேர் அதைக் கடந்திருக்கிறோம்? சர்க்கார் 1997-ல் சமத்துவபுரம் என்று தொடங்கி, நூறு வீட்டில் 40 தாழ்த்தப்பட்டவருக்கும், 25 பிற்படுத்தப்பட்டவருக்கும், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டவருக்கும், 10 மற்றவருக்கும் கொடுத்து, எல்லாரையும் ஒரே இடத்தில் குடிவைத்தது. வீட்டுக்கு வீடு சுவரைச் சர்க்கார் கட்டலாம். ஆனால் அண்டை வீட்டுச் செம்பில் தண்ணீர் குடிக்க எந்தச் சர்க்கார் உத்தரவு போடும்?

ஆகவே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு நமது பதில் இதுதான். வெளிநாட்டான் வருவது தப்பல்ல. படம் பிடித்துக்கொள்ள வருகிறவனும் உண்டு, மனமார உழைக்க வருகிறவனும் உண்டு. அவனை நாம் குறை சொல்லுவதற்கு முன், நாம் செய்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். அவன் இரண்டு வாரத்தில் போய்விடுவான். இங்கே இருக்கப் போகிறவர்கள் நாம்.

பேசிவிட்டுப் போவதற்காக நாம் இன்று வரவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மலையில் வீடு கட்டும் வேலைக்கு வரத் தயாராயிருக்கும் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். நிபந்தனைகள் நான்கு. குடியிருக்கப் போகிறவர்களை, முக்கியமாக அந்த வீட்டுப் பெண்களை, கேட்காமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் முழுக் கூலி கொடுக்க வேண்டும், நம் உழைப்பால் ஏழையின் வேலை போகக் கூடாது. பட்டா அந்தக் குடும்பத்தின் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லையேல் தாலுகா ஆபீசுக்கு அவர்களோடு நடந்து அதை வாங்குவதே முதல் வேலை. நான்காவது, மத்தியானச் சாப்பாடும் தண்ணீரும் அந்த வீட்டில்தான். இந்த நான்காவதற்குச் சம்மதியாதவர்கள் பெயர் கொடுக்க வேண்டாம்.

முதல் பெயராக நம்முடையதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கிழவிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.