பழைய உடுப்பும் புதிய பரிகாசமும்

(ஒரு படிப்பகக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்றைக்கு நான் ஜாதியைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருப்பீர்கள். ஆனால் நான் இன்று பேசப் போவது துணியைப் பற்றி. ஒருவர் பழங்காலத்து மாதிரியில் உடுத்திக்கொண்டு தெருவில் போனால் கண்டவர்களெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி பேசுகிறார்களே, அந்த விஷயத்தைப் பற்றி. "இது ஒரு பெரிய சங்கதியா? இதற்கு ஒரு கூட்டமா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் இரண்டு மாதத்துக்கு முன்வரை அப்படித்தான் தோன்றிற்று. பிறகு என் புத்தியில் ஒரு அடி விழுந்தது. அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். சுங்குடிச் சேலை, முழங்கைக்கு மேலே புடைத்துக்கொண்டு நிற்கிற பஃப் கை வைத்த ரவிக்கை, இரட்டைச் சடை, அதில் ரிப்பன். பழைய கறுப்பு வெள்ளை சினிமாவில் பார்ப்போமே, அந்த மாதிரி. கூட்டத்தில் பின்னால் இருந்த பையன்கள் "எந்த நாடகக் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர்களை அடக்க வேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? மேடையில் நின்றுகொண்டு, "பகுத்தறிவுக் கூட்டத்துக்குப் பாட்டி காலத்து வேஷத்தில் வந்திருக்கிறார்கள், புத்தியும் பாட்டி காலத்திலேயே நின்றுவிட்டதோ என்னவோ!" என்று சொன்னேன். கூட்டம் கைதட்டிற்று. எனக்கும் பெருமையாய் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணே, இது என் பாட்டி உடுத்திய துணி இல்லை. என் பாட்டி வெளுத்த துணி. பண்ணை வீட்டு அம்மாமார்களின் ரவிக்கைகளை வாங்கி வந்து, வெளுத்து, கை சுருங்காமல் நிற்கும்படி கஞ்சி போட்டு, பெட்டி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். ஒரு நாள் ஆசைப்பட்டு அதே மாதிரி ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு தெருவில் போனாராம். வண்ணாத்திக்கு வந்த வாழ்வைப் பார் என்று திண்ணைக்குத் திண்ணை சிரித்தார்களாம். மறுநாள் கழற்றினவர் சாகிற வரைக்கும் போடவில்லை. நான் தையல் வேலை செய்கிறேன். அவர் சொன்ன மாதிரியே தைத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். இங்கேயும் சிரிப்புத்தானா அண்ணே?" என்று கேட்டார்.

தோழர்களே! நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு படித்ததெல்லாம் படிப்பகத்தில்தான். எத்தனையோ பண்டிதர்களுடனும் பாகவதர்களுடனும் மேடையில் வாதம் செய்திருக்கிறேன். ஆனால் அந்தத் தையற்காரப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து இதைப் பற்றிப் படித்தும் யோசித்தும் பார்த்ததில் எனக்குத் தெரிய வந்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். நான் சொல்லுவதால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சரியா தப்பா என்று நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

முதலாவது, துணி என்பது இந்த நாட்டில் வெறும் துணியாய் ஒருநாளும் இருந்ததில்லை. இன்னார் இன்ன துணிதான் கட்டலாம், இவ்வளவு தூரம்தான் கட்டலாம் என்று சட்டம் போல் இருந்திருக்கிறது. திருவாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளுகிற உரிமைக்காகப் பல பத்து வருஷ காலம் அடியும் உதையும் பட்டார்கள். 1859-ல்தான் மகாராஜா உத்தரவு போட்டார். அதிலும் என்ன நிபந்தனை? மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல் ஜாதிப் பெண்கள் போடுகிற மாதிரியில் போடக்கூடாது என்பது! 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்க ஜாதியார் எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி போடக்கூடாது, சட்டை, பனியன் கூடாது, கிராப்பு வைக்கக்கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் மார்பை மூடக்கூடாது, நகை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மீறினவர்களின் குடிசைகளில் நெருப்பு வைத்தார்கள். இவையெல்லாம் புராணமல்ல, தோழர்களே. எழுதி வைக்கப்பட்டிருக்கிற சரித்திரம்.

இப்படிப்பட்ட நாட்டில் ஒருவருடைய துணியைப் பார்த்துச் சிரிப்பது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? கட்டளை போடுகிற அதிகாரம் போய்விட்டது. நெருப்பு வைத்தால் போலீஸ் வரும். ஆகவே மிச்சமிருக்கிற ஆயுதம் சிரிப்பு ஒன்றுதான் என்று அர்த்தம். அந்தப் பாட்டியின் ரவிக்கையைக் கழற்ற வைத்தது தடியல்ல, திண்ணைச் சிரிப்பு.

இரண்டாவது, பழையதை உடுத்துகிறவரைப் பரிகாசம் செய்கிறவர்கள் தாங்கள் ஏதோ புதுமைக் கட்சி என்று நினைத்துக்கொள்ளுகிறார்கள். சுத்தப் பொய். புதியதை உடுத்தினவர்களைப் பரிகாசம் செய்ததும் இதே வாய்தான். அமெரிக்காவில் 1851-ல் அமீலியா புளூமர் என்ற அம்மையார், தரையைக் கூட்டுகிற நீளப் பாவாடை பெண்களுக்கு உபத்திரவம் என்று சொல்லி, குட்டைப் பாவாடையும் அதற்குக் கீழே தொளதொளவென்ற கால்சட்டையும் போடலாம் என்று தம்முடைய பத்திரிகையில் எழுதினார், தாமும் போட்டார். பத்திரிகைகள் படம் போட்டுக் கேலி செய்தன. தெருவில் கூட்டம் கூடிக் கூச்சலிட்டது. பெண்களின் மற்ற உரிமைகளைப் பற்றிப் பேச விடாமல் ஊர் முழுவதும் துணியைப் பற்றியே பேசுகிறதே என்று அலுத்துப் போய், அந்த இயக்கத்துப் பெண்கள் சில வருஷங்களில் அதை விட்டுவிட்டார்கள். அன்று கால்சட்டை போட்ட பெண்ணைப் பார்த்து ஊர் சிரித்தது. இன்று அதே நீளப் பாவாடையை ஒரு பெண் ஆசைப்பட்டுப் போட்டால் அதைப் பார்த்தும் ஊர் சிரிக்கும்!

அவ்வளவு தூரம் போவானேன்? என் பாட்டி ரவிக்கை போட ஆரம்பித்தபோது "மேனாமினுக்கி" என்று பெயர் வைத்தார்கள். ரவிக்கை போடாத கிழவிகளைப் பார்த்து இன்று அவர்களுடைய பேரன்மார்களே முகத்தைச் சுளிக்கிறார்கள். ஆகவே சிரிக்கிறவனுக்குப் பழமையும் தெரியாது, புதுமையும் தெரியாது. "எல்லோரும் செய்கிற மாதிரி நீ ஏன் செய்யவில்லை?" என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. இந்தக் கேள்வியைத்தானே நம்மைப் பார்த்தும் கேட்கிறார்கள்? எல்லோரும் திதி கொடுக்கிறார்கள், நீ ஏன் கொடுக்கவில்லை? எல்லோரும் ஜாதகம் பார்க்கிறார்கள், நீ ஏன் பார்க்கவில்லை? அதற்கு நாம் பதில் சொல்லுகிறோம். அதே கேள்வியை ஒரு பெண்ணின் ரவிக்கையைப் பார்த்து நாமே கேட்டால் நமக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

மூன்றாவது, வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போன ஐக்கோர்ட்டு நீதிபதி ஒருவரை உள்ளே விட முடியாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வெள்ளைக்காரன் 1947-லேயே போய்விட்டான். அவன் போட்ட உடுப்பு விதி மட்டும் அறுபத்தேழு வருஷம் வாசற்படியிலேயே நின்றிருக்கிறது! அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் கொண்டுவந்து, வேட்டி கட்டினவரைப் பொது இடத்தில் தடுப்பது குற்றம் என்று ஆக்கினார்கள். நல்லது. ஆனால் ஒரு நீதிபதியை நிறுத்தினதால் சட்டம் வந்தது. அதே வாசலில் ஒரு குடியானவரை நிறுத்தியிருந்தால் சட்டம் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காவது, நம்முடைய கதை. 1946 மே மாதம் மதுரையில் கருஞ்சட்டை மாநாடு நடந்தபோது பந்தலைக் கொளுத்தினார்கள்; கறுப்புச் சட்டை போட்டவர்களைத் தெருவில் அடித்தார்கள். 1948-ல் சர்க்காரே கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. ஒரு சட்டையின் நிறத்துக்காக அடிபட்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம் இன்னொருவருடைய சட்டைக் கையின் அளவைப் பார்த்துச் சிரிக்க என்ன யோக்கியதை உடையவர்கள்?

வெறும் சிரிப்புத்தானே, இதனால் யார் செத்தார்கள் என்று கேட்பீர்கள். செத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கறுப்பு உடுப்பும், பழைய விக்டோரியா ராணி காலத்துச் சாயலும் கலந்து உடுத்துகிற ஒரு கூட்டத்தார் உண்டு. அவர்களைக் காத் என்று சொல்லுவார்கள். 2007 ஆகஸ்டில் லங்காஷயரில் பேக்கப் என்ற சிற்றூரில், அப்படி உடுத்தின இருபது வயதுப் பெண்ணையும் அவருடைய தோழனையும் ஒரு பூங்காவில் சில பையன்கள் அடித்தார்கள். விழுந்து கிடந்த தோழனைக் காப்பாற்ற மடியில் போட்டுக்கொண்ட அந்தப் பெண்ணைத் தலையிலேயே உதைத்தார்கள். பிழைத்தது தோழன், செத்தது அந்தப் பெண். அவர் செய்த குற்றம் மற்றவர்களைப் போல உடுத்தாதது ஒன்றுதான். 2013-ல் மான்செஸ்டர் பகுதிப் போலீஸார், இப்படி உடுப்புக்காக நடக்கும் தாக்குதல்களையும் இனத் துவேஷக் குற்றங்களைப் போலவே தனியாகப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். எந்தப் பையனும் எடுத்தவுடன் உதைப்பதில்லை. முதலில் ஒரு சொல்; அதற்குப் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பு; அந்தச் சிரிப்பினால் வருகிற தைரியம்; பிறகுதான் கால்.

இங்கே ஒரு தோழர் எழுந்து, "அப்படியானால் பழையதெல்லாம் நல்லதா? விதவைக்கு வெள்ளைச் சேலை, பார்ப்பனருக்குப் பூணூல், பெண்ணுக்கு முக்காடு எல்லாம் இருக்கட்டும் என்கிறீர்களா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு நான் மூன்று உரைகல் வைத்திருக்கிறேன். அந்த உடுப்பை அவரே விரும்பிப் போட்டாரா? வேண்டாம் என்றால் நாளைக்கே கழற்ற முடியுமா? அதைப் போடுவதால் நான் உயர்ந்தவன், நீ தாழ்ந்தவன் என்று இன்னொருவருக்குச் சொல்லப்படுகிறதா? விதவையின் வெள்ளைச் சேலை ஊர் கட்டி விட்டது. அவர் கழற்ற முடியாது. பூணூல் உயர்வு தாழ்வைச் சொல்லுவதற்கென்றே போடுவது. பஃப் கை ரவிக்கை அப்படியா? காலையில் போட்டதை மாலையில் கழற்றலாம். யாரையும் அது தாழ்த்தவில்லை. ஆகவே நம் சண்டை நிர்ப்பந்தத்தோடும் இழிவோடும்தான், துணியோடு அல்ல.

பழைய உடுப்பில் ஆசை உள்ள தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய துணி வேறு, பழைய காலம் வேறு. துணியை எடுத்துக்கொள்ளுங்கள், அழகாய் இருந்தால் உடுத்துங்கள். ஆனால் "அந்தக் காலம்தான் பொற்காலம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அந்தத் துணியை உடுத்தியவர் ஒருவர், அதை வெளுத்தவர் இன்னொருவர் என்பது ஞாபகத்தில் இருக்கட்டும்.

இனி, பரிகாசம் வந்தால் என்ன செய்வது? முதலில், வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியவர் சொன்னவர்தான். "இதில் என்ன தப்பு, காரணம் சொல்லுங்கள்" என்று நிதானமாய்த் திருப்பிக் கேளுங்கள். காரணம் இல்லாதவன் அந்தக் கேள்விக்கு முன் அதிக நேரம் நிற்க மாட்டான். பதில் சொல்ல மனமில்லாவிட்டால் பேசாமல் உங்கள் வழியே போங்கள். எல்லா நாய்க்கும் நின்று கல்லெடுத்தால் ஊர் போய்ச் சேர முடியாது. கையைத் தொட்டாலோ பின்தொடர்ந்தாலோ அது பரிகாசம் அல்ல, குற்றம். போலீசில் எழுதிக் கொடுங்கள். பெற்றோர்களும் வீட்டில், "நீ ஏன் அதைப் போட்டுக்கொண்டு போனாய்?" என்று பிள்ளையைக் கேட்காமல், "அவன் ஏன் அப்படிச் சொன்னான்?" என்று கேட்கப் பழக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன்: சிரிக்காதீர்கள். சொல்லுகிறவனுக்குக் கூலி நம்முடைய சிரிப்புத்தான். கூலி கிடைக்காத வேலையை எவனும் வெகுநாள் செய்ய மாட்டான். அன்று என் கூட்டத்தில் நான் சொன்னதற்கு ஒருவராவது சிரிக்காமல், "தோழரே, இது என்ன பேச்சு?" என்று எழுந்து கேட்டிருந்தால் நான் அங்கேயே திருந்தியிருப்பேன்.

மேடையில் செய்த தப்புக்கு மேடையில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தத் தையற்காரத் தோழர் இன்று இந்தக் கூட்டத்தில் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும், அம்மா, நான் பேசியது தப்பு; மன்னிக்க வேண்டும். போன வாரம் அதே ஊருக்குப் போய் அங்கேயும் இதைச் சொல்லிவிட்டுத்தான் இங்கு வந்திருக்கிறேன். அங்கே அவர் இருந்தார். நான் சொல்லி முடித்ததும், "சரி அண்ணே, உங்கள் சட்டையில் காலர் நைந்து போயிருக்கிறது, கொடுங்கள், திருப்பித் தைத்துத் தருகிறேன்" என்றார். இதோ, அந்தச் சட்டைதான் நான் போட்டிருப்பது. இந்தக் காலரைத் தொடுகிறபோதெல்லாம் எனக்குப் புத்தி வரும் என்று நம்புகிறேன்.