லாட்ஜ் லேகியமும் வீடியோ காலும்: ரெண்டு கடைக்கும் முதலீடு நம்ம வெட்கம்தான்

(மாணவர் அணி, இளைஞர் அணி மாவட்டப் பயிற்சி வகுப்பில் மருத்துவர் அணித் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வகுப்புக்கு வர முடியாத தோழர்களுக்காகப் பதிவிடுகிறோம்.)



காலையில இருந்து சட்டம், வரலாறு, பூத் கமிட்டி வேலைன்னு கேட்டுட்டு இருக்கீங்க. சாப்பாடு வேற பலமா முடிஞ்சிருக்கு. கண் சொக்குற நேரத்துல என்கிட்ட மைக்கைக் கொடுத்திருக்காங்க. பரவாயில்லை, என் தலைப்பைச் சொன்னா தூக்கம் போயிடும். இளைஞர்களின் பாலியல் நலம், மனநலம். பார்த்தீங்களா, கடைசி வரிசையில சிரிப்பு ஆரம்பிச்சிடுச்சு. சிரிங்க, தப்பில்லை. ஆனா இந்தக் கூச்சத்தை மூலதனமா வச்சு நம்ம ஊர்ல சில பேர் பெரிய வியாபாரம் பண்றாங்க. அந்த வியாபாரத்தைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்.

சில வருஷங்களுக்கு முன்னால ஒரு தம்பி என்னிடம் சிகிச்சைக்கு வந்தான். வயது 22. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் வேலை. முதல் தடவை தலைவலி என்றான். அடுத்த தடவை முதுகுவலி. மூன்றாவது தடவை "ஒரே அசதிங்க டாக்டர்" என்றான். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, "வேற என்னமோ இருக்கு, சொல்லுப்பா" என்றேன். அழுதுவிட்டான். பதினைந்து வயதில் தொடங்கிய சுய இன்பப் பழக்கத்தால் நரம்பெல்லாம் செத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். வீட்டில் பெண் பார்க்கிறார்கள், இவன் வேண்டாம் என்று சண்டை போடுகிறான். காரணத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஊருக்கு வந்துபோகும் ஒரு லாட்ஜ் வைத்தியரிடம் மூன்று முறை போயிருக்கிறான். லேகியம், பஸ்பம், எண்ணெய் என்று மொத்தம் 38,000 ரூபாய். கடைசித் தவணைக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போயிருக்கிறது.

"அவர் என்ன சோதனை செய்து பார்த்தார்?" என்று கேட்டேன்.

"கையைப் பிடிச்சுப் பார்த்தாருங்க. எத்தனை வருஷமா இந்தப் பழக்கம்னு கேட்டாரு. சொன்னேன். 'உச்'சு கொட்டினாருங்க."

அந்த ஒரு 'உச்'சுக்குத்தான் தோழர்களே, 38,000 ரூபாய்.

இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கு. 1960-ல் மனநல மருத்துவர் என்.என்.விக் இதை 'தாத் சிண்ட்ரோம்' என்று அழைத்தார். நம்ம ஊர் 'தாது நஷ்டம்', 'தாது விருத்தி லேகியம்' என்பதில் வரும் அதே தாதுதான். விந்து வெளியேறினால் உடம்பின் சாரமே போய்விடும், நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து என்ற நம்பிக்கை. நாம மட்டும் ஏமாந்தோம்னு நினைக்காதீங்க. 1760-ல் டிசோ என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் சுய இன்பத்தால் பைத்தியம் பிடிக்கும், கண் போகும் என்ற ரீதியில் ஒரு புத்தகமே போட்டார். ஐரோப்பா நூறு வருஷத்துக்கு மேல அதை நம்பிப் பயந்து கிடந்தது. பிறகு அறிவியல் வந்தது, பயம் போனது. நமக்கும் அதே அறிவியல்தான் வந்தது. ஆனா லேகியக் கடையை மூட யாருக்கும் மனசு வரலை.

உண்மை என்ன? விந்து ரத்தத்திலிருந்து காய்ச்சி எடுக்கிற பொருள் இல்லை. அதில் பெரும்பகுதி, புராஸ்டேட் போன்ற சுரப்பிகள் சுரக்கிற நீர். உயிரணுக்கள் அதில் கொஞ்சம்தான். அந்த உயிரணுக்களையும் விரை ஒரு நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் என்ற கணக்கில் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. எச்சில் ஊறுவது மாதிரி. தூக்கத்தில் தானாக வெளியேறுவது நோய் இல்லை. சுய இன்பத்தால் நரம்பு தளராது, உறுப்பு சிறுக்காது, குழந்தை பிறக்காமல் போகாது. படிப்பு, வேலை, தூக்கம் எல்லாத்தையும் விட்டுட்டு நாள் முழுக்க அதுலயே கிடந்தா, அப்போ உடம்பை விட மனசுலதான் ஏதோ பாரம் இருக்குன்னு அர்த்தம். அந்தப் பாரத்துக்கு மனநல மருத்துவரைப் பார்க்கணும், லேகியக்காரரை இல்லை.

அப்போ அந்தத் தம்பிக்கு வந்த அசதி பொய்யா? இல்லை, அசதி நிஜம். முதுகுவலியும் நிஜம். தினம் தினம் பயந்துகிட்டே இருக்கிற உடம்பு தூங்காது, பசிக்காது, வலிக்கும். திருமணமான புதுசுல விறைப்பு வரலைன்னு ஓடிவர்ற இளைஞர்கள்ல பலருக்கும் இதேதான். பதற்றமும் விறைப்பும் ஒரே வீட்டில் குடியிருக்காது. விடியற்காலையில் இயல்பாக விறைப்பு வருகிறது என்றால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் நல்லா இருக்குன்னு அர்த்தம். பிரச்சினை பயத்தில் இருக்கிறது. எப்பவுமே வரலைன்னா சர்க்கரை, ரத்த அழுத்தம், சிகரெட், குடி எல்லாத்தையும் பார்க்கணும். அதுக்கும் மருந்து இருக்கு. ஆனா 'மூலிகை' என்று சொல்லி விற்கிற சில பாக்கெட்டுகளில் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்தையே அரைத்துக் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் பிடித்திருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் வெட்டி ஒட்டிப் போடக்கூடாது. நான் சித்த மருத்துவத்தைத் திட்டவில்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்கே படித்துப் பதிவு செய்த மருத்துவர்கள் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் இருக்காங்க. அவர்களிடம் போய் இந்தச் சந்தேகத்தைக் கேட்டாலும் பயப்படாதே என்றுதான் சொல்வார்கள். 5-ம் தேதி திருச்சி, 6-ம் தேதி மதுரை என்று லாட்ஜ் லாட்ஜாக அறை போடுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

சட்டமும் இருக்கு. மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம், 1954. பாலியல் திறனைக் கூட்டும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. மீறினால் முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. 70 வருஷம் தாண்டிய சட்டம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில போய்ப் பாருங்க, அந்தச் சட்டம் எந்த லட்சணத்துல அமலாகுதுன்னு தெரியும். சுவர் எழுதுறது நமக்குப் பழக்கமான வேலைதானே? நம்ம கொடி வரைஞ்ச சுவருக்குப் பக்கத்துலயே 'ஆண்மைக் குறைவா?' போஸ்டர் ஒட்டியிருக்கு. அதைப் போட்டோ எடுத்து மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மனு கொடுக்க நமக்கு ஒரு அரை நாள் போதும்.

தங்கைகளே, உங்களுக்கும் இதே கடை வேற பெயர்ப்பலகையோட இருக்கு. வெள்ளைப்படுதல். 'உடம்பு உருகிப் போகுது' என்று பயமுறுத்துவார்கள். மாதவிடாய்ச் சுழற்சியில் கூடியும் குறைந்தும் நிறமில்லாமல் படுவது இயல்பு. நாற்றம், அரிப்பு, பச்சை மஞ்சள் நிறம், அடிவயிற்று வலி இருந்தால் அது தொற்று, அதற்கு மாத்திரை உண்டு. கல்யாணம் ஆகாத பொண்ணு மகப்பேறு மருத்துவர்கிட்டப் போனா ஊர் என்ன சொல்லும்னு அம்மா கேட்பாங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

இப்ப இரண்டாவது கடைக்கு வரேன். இது லாட்ஜில் இல்லை, உங்க சட்டைப் பையில இருக்கு.

ராத்திரி 11 மணிக்குத் தெரியாத பெண் பெயரில் நட்பு அழைப்பு. ரெண்டு நாள் பேச்சு. அப்புறம் வாட்ஸ்அப் நம்பர். திடீரென்று வீடியோ கால், எதிரில் ஆடையில்லாத ஒரு பெண். அது பெரும்பாலும் ஏற்கெனவே பதிவு செய்து வைத்த படம். உங்க முகமும் சேர்ந்து பதிவாகும். அஞ்சு நிமிஷத்தில் உங்க அண்ணன், அத்தை, மேனேஜர் பெயர்களைப் பட்டியல் போட்டு மிரட்டல் வரும். பணம் கொடுத்தால் மறுநாள் 'டெல்லி சைபர் கிரைம் அதிகாரி' என்று ஒருத்தன் பேசுவான், வீடியோவை அழிக்க இன்னும் பணம் என்பான். அவனும் அதே கும்பல்தான். லேகியக்காரருக்கும் இவனுக்கும் தொழில் ஒன்றுதான். நீங்க வெளியில சொல்ல மாட்டீங்க என்ற தைரியம். இதில் மாட்டிக்கொண்டு உயிரை விட்ட பிள்ளைகளின் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 22 வயதுத் தம்பி முகம்தான் நினைவுக்கு வரும்.

மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்? பணம் அனுப்பாதீங்க. கெஞ்சாதீங்க. நம்பர், அரட்டை, பணம் கேட்ட கணக்கு எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறம் பிளாக் பண்ணுங்க. 1930-க்குப் போன் போடுங்க. பணம் போயிருந்தாலும் சீக்கிரம் சொன்னால் வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. அன்றைக்கு ராத்திரி தனியாகப் படுக்காதீங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்டச் சொல்லிட்டு அவங்க வீட்டில படுங்க. இதை மருத்துவனாச் சொல்றேன். அந்த முதல் ராத்திரிதான் ஆபத்தானது.

படத்தை வைத்து மிரட்டுவது பெண்களுக்கு நடக்கும்போது அதன் கொடூரம் வேற. பொள்ளாச்சியை நாம மறக்கலை. பாதிக்கப்பட்ட பெண்கள் பேச மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கும்பல் வருஷக்கணக்கில் ஆடியது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவியின் வீடு அவளைத் திட்டாமல் அவளோடு காவல் நிலையத்துக்குப் போனது. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. அந்த வீடு 'நீ ஏன் அங்கே போன?' என்று கேட்டிருந்தால் இந்தத் தீர்ப்பு இல்லை. இங்க அண்ணன்களா, அப்பாக்களா உட்கார்ந்திருக்கிற தோழர்கள் யோசிச்சுப் பாருங்க, உங்க வீட்டில உங்க முதல் கேள்வி என்னவா இருக்கும்?

காதலைப் பற்றியும் கேட்கச் சொன்னாங்க. நான் அறிவுரை சொல்ற ஆள் இல்லை. போன் பாஸ்வேர்டைக் கேட்கிறது, எங்கே இருக்கேன்னு நிமிஷத்துக்கு ஒரு போட்டோ கேட்கிறது, வேண்டாம்னு சொன்ன பிறகும் வாசல்ல நிக்கிறது, இதெல்லாம் சினிமாவில் காதல். கிளினிக்கில் எங்களுக்கு இது நோயாளியைக் கொண்டுவர்ற வழி. பிரிவு வலிக்கும், ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் சாப்பாடும் வரலைன்னா மருந்து தேவைப்படும் வலி அது. 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நம்ம மாநிலத்தோட 104-ம் இருக்கு.

அரசு மருத்துவமனையில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைப் பார்த்திருப்பீங்க. பலர் அதைத் தாண்டும்போது வேகமா நடப்பாங்க. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு அது மரணச் செய்தி. இன்றைக்கு மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் முழு ஆயுள் வாழலாம். பரிசோதனை இலவசம். 2017-ல் வந்த சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம சோதிக்கவும் கூடாது, முடிவை வெளியில சொல்லவும் கூடாது. நம்ம வரிப்பணத்துல நடக்கிற இடம். அங்க போறதுக்கு வெட்கப்பட்டு லாட்ஜுக்குப் போய்ப் பணம் கட்டுறோம்.

அந்தத் தம்பி கதையை முடிக்கலை. மூன்று மாதம் வந்தான். மாத்திரை கொஞ்சம், பேச்சு நிறைய. தோட்டை மீட்டுட்டான். கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டான், போனேன். பத்திரிகையில என் பெயருக்கு முன்னாடி டாக்டர்னு போட வேண்டாம்னு அவன் கேட்டுக்கிட்டான், சொந்தக்காரங்க என்ன டாக்டர்னு கேட்பாங்களாம். சரிப்பான்னு சொல்லிட்டேன்.

காலையில வாசல்ல ஒரு அட்டைப் பெட்டி வச்சோம், பெயர் போடாம கேள்வி எழுதிப் போடுங்கன்னு. இப்பத்தான் திறந்தேன். 41 சீட்டு இருக்கு. சிரிச்ச கடைசி வரிசையில இருந்துதான் நிறைய வந்திருக்குன்னு நினைக்கிறேன். ஒவ்வொன்னா படிச்சுப் பதில் சொல்றேன். முதல் சீட்டு: "டாக்டர், எனக்கு வயசு 19. இதை யார்கிட்டயும் கேட்டதில்லை..."