தண்டவாளம் எட்டாத கரை

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய கரையோர ஊர்களுக்குப் புகையிரதம் வருவதில்லை. 1928-இல் மட்டக்களப்பை அடைந்த இருப்புப்பாதை அவ்விடத்தோடு நின்றுவிட்டது. ‘கோச்சி’ மீது காதல் கொண்ட கல்முனைவாசி, ஏறக்குறைய 40 கிலோமீற்றர் பஸ்ஸில் சென்றே அதனைக் காணல் வேண்டும்.

கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு இலங்கையின் முதல் வண்டி ஓடியது 1864-ஆம் ஆண்டு டிசம்பர் 27-இல். அதன் 150-ஆம் ஆண்டு நிறைவில், 2014-இல், கடுகண்ணாவையில் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய நீராவி எஞ்சின்களைச் சுற்றிச் சுற்றி வந்து, அங்கே ஒரு பகலைக் கழிக்கும் அன்பர்கள் உளர். கல்முனையாருக்கோ வழிப்பயணமே பாதிக் கொண்டாட்டம்! மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும் இரும்புப் பாலம், முன்னாளில் ரெயிலுக்கும் மோட்டாருக்கும் பொதுவாக இருந்தது. அதன் மீது வண்டி ஊரும்போது சன்னலோரத்து இடம் கிடைப்பது அரிது. அப்பால் மாகோ, பொல்காவலைச் சந்திகள்.

மீண்டு மட்டக்களப்பில் இறங்கியதும் அவர் முதலில் விசாரிப்பது, கல்முனைக்குக் கடைசி பஸ் போய்விட்டதா என்பதையே.